அலாரம் ஒலித்தது, ரயில் நிற்கவில்லை: தேகு சுரங்க ரயில் நிலையத் தீ, 2003

இந்த நிகழ்வை ஏன் எடுத்துக்கொள்கிறோம்

தரைக்கடியில் உள்ள ஒரு ரயில் நிலையத்தின் தீ உணரிகள், கேமராக்கள், புகை விசிறிகள், ஷட்டர்கள், மின்வழங்கல், சிக்னல் எல்லாவற்றையும் பல கிலோமீட்டர் தள்ளி ஒரு மேசையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், இயக்கலாம். புதிதாக ஒரு தடம் போடும்போது ஒப்பந்தப் புள்ளியில் பக்கம் பக்கமாக இடம்பிடிப்பது இந்தக் கருவிகளின் எண்ணிக்கைதான். நிலையத்தில் பிடித்த தீயை உணரி கண்டுபிடித்த பிறகு, அந்தச் செய்தி அடுத்து வந்துகொண்டிருக்கும் ரயிலை நிறுத்தக்கூடியவரின் கைக்கு எத்தனை நொடியில் போய்ச் சேரும் என்று கேட்பவர்கள் குறைவு.

தென்கொரியாவின் தேகு நகரில் 2003 பிப்ரவரி 18 அன்று அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. 192 பேர் இறந்தார்கள். தீ வைத்தவர் ஒரு தனி மனிதர். ஆனால் இறந்தவர்களில் பெரும்பாலோர் அவர் ஏறிய ரயிலில் இருந்தவர்கள் அல்ல. தீப்பிடித்த பிறகு அந்த நிலையத்துக்குள் வந்து சேர்ந்த இன்னொரு ரயிலில் இருந்தவர்கள். நிலையக் கண்காணிப்புத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த நிகழ்வைப் படித்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

பின்னணி

தேகுவின் முதல் மெட்ரோ தடம் 1997 நவம்பரில் ஓடத் தொடங்கியது. அதைக் கட்டும்போதே, 1995 ஏப்ரலில், ஒரு பணியிடத்தில் எரிவாயு வெடித்து 101 பேர் இறந்திருந்தார்கள். 2003-ல் நகரில் இருந்தது அந்த ஒரே தடம்தான். ஆறு பெட்டி ரயில்கள், மேலே 1500 வோல்ட் நேர்மின்சாரம், ஒரு ரயிலுக்கு ஒரே ஊழியர். ஓட்டுவதும் கதவைத் திறந்து மூடுவதும் பயணிகளுக்கு அறிவிப்புச் சொல்வதும் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவதும் அந்த ஒருவரின் வேலை.

சம்பவம் நடந்த ஜுங்காங்னோ நிலையம் நகரின் கடைவீதிக்குக் கீழே இருக்கிறது. தரைக்கடியில் மூன்று தளங்கள். முதல் தளம் நிலத்தடிக் கடைத்தெருவோடு இணைகிறது, இரண்டாவதில் பயணச்சீட்டுக் கூடம், மூன்றாவதில் நடைமேடைகள். இரண்டு தண்டவாளங்களும் நடுவில் அடுத்தடுத்து ஓட, நடைமேடைகள் இரு ஓரங்களிலும் இருக்கும் அமைப்பு. எதிரெதிராக வரும் இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் நின்றால் அவற்றுக்கு இடையே சுவர் எதுவும் கிடையாது. இந்த விவரம் பிறகு உயிர்களை விழுங்கியது.

மையக் கட்டுப்பாட்டில் வேலைகள் பிரிவு பிரிவாகப் பங்கிடப்பட்டிருந்தன. ரயில் ஓட்டத்தைக் கவனிப்பது ஒரு பிரிவு. விசிறி, பம்பு, தீ உணரி போன்ற நிலைய இயந்திர வசதிகளைக் கவனிப்பது இன்னொரு பிரிவு. தீ அலாரம் வருவது இரண்டாவது பிரிவின் திரைக்கு. ரயிலை நிறுத்தச் சொல்லும் வயர்லெஸ் இருப்பது முதல் பிரிவின் கையில். இரண்டையும் தானாக இணைக்கும் எந்த ஏற்பாடும் இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

காலை 9.53: முதல் ரயில்

1079 எண் ரயில் நிலையத்துக்குள் வந்தபோது, உடல்நலம் குன்றி மனம் வெறுத்திருந்த 56 வயதுப் பயணி ஒருவர், தான் கொண்டுவந்திருந்த எரிதிரவத்தைப் பற்றவைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அவருடைய ஆடையிலும் தீப்பற்றியது. கதவுகள் திறந்திருந்ததால் அவரும் அந்த ரயிலில் இருந்த பலரும் நடைமேடைக்கு ஓடித் தப்பினார்கள்.

பெட்டிக்குள் இருந்தவை தீக்குத் தீனி. இருக்கை மெத்தை, தரைவிரிப்பு, சுவர்ப்பலகை, கைப்பிடி வளையம் எல்லாமே எரியும் பிளாஸ்டிக் வகைகள். சில நிமிடங்களில் ஆறு பெட்டிகளும் எரிந்தன. கறுப்புப் புகை நடைமேடையின் கூரையிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. இந்த ரயிலின் ஓட்டுநர் தீ பற்றி உடனே கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவிக்காமலே வெளியேறினார்.

ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் நிலையம் சொல்லியிருந்தது. இயந்திர வசதிப் பிரிவின் கணினித் திரையில் தீ எச்சரிக்கை எழுத்தில் வந்தது, ஒலியும் எழுந்தது. உணரி தன் வேலையைச் சரியாகவே செய்தது. திரையின் முன் இருந்தவர்கள் அதை வழக்கமான பொய் அலாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த அமைப்பு அடிக்கடி காரணமில்லாமல் ஒலிப்பது வாடிக்கையாகியிருந்தது. கேமராப் படத்தைப் பார்த்து உறுதிசெய்யவும் இல்லை, ரயில் ஓட்டப் பிரிவுக்குச் சொல்லவும் இல்லை.

9.57: இரண்டாவது ரயில்

எதிர்த்திசையில் 1080 எண் ரயில் வந்துகொண்டிருந்தது. நிலையத்தில் தீ என்ற செய்தி இதற்குள் வேறு வழியில் ரயில் ஓட்டப் பிரிவுக்கு எட்டிவிட்டது. அவர்கள் ஓட்டுநருக்குச் சொன்னது, ஜுங்காங்னோவில் தீ, உள்ளே போகும்போது கவனம் என்பதுதான். நிற்கச் சொல்லவில்லை. நிற்காமல் கடந்து போகவும் சொல்லவில்லை.

இந்த நிகழ்வு முழுவதிலும் மிகப் பெரிய முடிவு இதுதான், எடுத்தவர்களுக்கு அது ஒரு முடிவாகவே தோன்றியிருக்காது. அவர்களிடம் இருந்தது ஒரு வரித் தகவல். தீ எவ்வளவு பெரியது, எங்கே, ரயிலிலா கடையிலா என்று தெரியாது. அரைகுறைத் தகவலோடு இருப்பவர் வழக்கத்தைக் கெடுக்காத வழியையே பிடித்துக்கொள்வார், இங்கே அது ரயிலை ஓடவிட்டு எச்சரிக்கை மட்டும் சொல்வது. அதே நேரத்தில் இயந்திர வசதிப் பிரிவின் திரையில் உணரியின் உறுதிப்பாடு இருந்தது. இரண்டு தகவல்களும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும் என்பது என் துணிபு.

தீ தொடங்கி ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் 1080 ரயில், எரிந்துகொண்டிருந்த 1079-க்குப் பக்கவாட்டில் வந்து நின்றது. கதவுகள் சில கணம் திறந்தன, புகை உள்ளே வரவே ஓட்டுநர் உடனே மூடினார். கிளம்பிவிடலாம் என்று அவர் எண்ணினார். சுரங்கத்தில் புகையைக் கண்டால் ஓட முடிந்த ரயிலை அடுத்த நிலையத்துக்குக் கொண்டுபோய்விடு என்பது உலகெங்கும் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் பாடம், ஆகவே அந்த எண்ணத்தில் தவறு காண முடியாது. ஆனால் மேல்கம்பியில் மின்சாரம் போய்விட்டது. இடையில் வருவதும் போவதுமாக இருந்தது. கிளம்பும் வழி அடைபட்ட பிறகும் ஓட்டுநரும் கட்டுப்பாட்டு அறையும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பயணிகளுக்கு உள்ளேயே இருக்கும்படி அறிவிப்பு மீண்டும் மீண்டும் போனது. பக்கத்து ரயிலின் தீ இந்த ரயிலுக்குத் தாவியது.

கடைசியில் ஓட்டுநரைத் தப்பித்து ஓடச் சொல்லி வயர்லெஸில் உத்தரவு வந்தது. அவர் ரயிலின் முதன்மைச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியேறினார். ரயிலை விட்டு இறங்கும்போது சாவியை எடுப்பது தினசரிப் பழக்கம், யாரும் ரயிலைத் தவறாக இயக்கிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. அன்று அந்தச் சாவி வெளியே வந்ததும் கதவுகளை இயக்கும் மின்சாரம் நின்றது. 1080-க்குள் மாட்டிக்கொண்டவர்களில் 79 பேர் அங்கேயே இறந்தார்கள். கதவைக் கையால் திறக்கும் விசை பெட்டிகளில் இருந்தது. இருட்டிலும் புகையிலும் அது எங்கே, எப்படித் திருப்புவது என்று பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. பலர் கைபேசியில் வீட்டுக்குப் பேசினார்கள்.

நிலையத்தின் தானியங்கிகள் செய்தவை

அன்று நிலையம் செயலற்றுக் கிடக்கவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். பல கருவிகள் தமக்கு விதித்தபடியே இயங்கின. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் சரி, எல்லாம் சேர்ந்தபோது கொலைக்களம்.

தீத்தடுப்பு ஷட்டர்கள் தாமாக இறங்கின. கடைத்தெருவுக்குத் தீ பரவாமல் தடுப்பது அவற்றின் வேலை. அதே கடைத்தெரு வழியாகத்தான் பலர் வெளியேற முயன்றார்கள், இருளில் தடவிக்கொண்டு வந்தவர்களுக்கு அது சுவராக நின்றது. மின்சாரம் துண்டானது, குறுக்கு மின்சுற்றிலிருந்து காக்கும் ஏற்பாடு அது. அது இரண்டாவது ரயிலை அங்கேயே கட்டிப்போட்டது. புகையை வெளியேற்றும் விசிறிகளின் திறன் அந்த அளவு புகைக்குப் போதவில்லை. அவசர விளக்குகள் படிக்கட்டைக் காட்டவில்லை.

விசிறியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தூரத்திலிருந்து விசிறியை ஓடவிட முடிவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. தேகுவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2015 ஜனவரி 12 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் லான்ஃபான்ட் பிளாசா நிலையத்தை ஒட்டிய சுரங்கத்தில் மின்கேபிள் பொறிந்து புகை வந்தது. கட்டுப்பாட்டு அறை நிலையத்தின் பக்கம் இருந்த விசிறிகளை வெளியிழுக்கும் முறையில் ஓடவிட்டது, சில நிமிடம் கழித்து ரயிலின் மறுபக்க விசிறிகளையும் அதே முறையில் ஓடவிட்டது. இரு பக்கமும் இழுத்ததில் புகை நடுவில் நின்ற ரயிலின் மேலேயே தங்கியது. ஒரு பயணி இறந்தார், பல பேருக்கு மூச்சுத்திணறல். அங்கும் பொத்தான்கள் வேலை செய்தன, விசிறிகள் சுழன்றன. தீ இந்தப் பக்கம், ரயில் அந்தப் பக்கம் என்றால் எந்த விசிறி உள்ளே தள்ள வேண்டும், எது வெளியே இழுக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அமைப்புக்குள் எழுதிவைக்கப்படாததுதான் குறை.

அலாரத்தை ஏன் நம்பவில்லை

விசாரணையின்போது பொதுமக்கள் கோபம் திரையின் முன் இருந்தவர்கள் மீது பாய்ந்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் இடத்தில் வேறு யாரை உட்காரவைத்திருந்தாலும் அதே விடையே வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வால் பயனில்லை.

தூசி, ஈரம், ரயில் பிரேக் பிடிக்கும்போது பறக்கும் துகள், பக்கத்தில் நடக்கும் வெல்டிங் வேலை எல்லாம் சுரங்க நிலையத்தின் புகை உணரியை ஏமாற்றும். நாளெல்லாம் பொய்யாக ஒலிக்கும் கருவியைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் மனம், புலி வருது என்று கத்திய பையனின் ஊர்க்காரர்களைப் போல ஆகிவிடுகிறது. இது ஒழுக்கக் குறைவு அல்ல. அந்த மேசையில் அத்தனை காலமும் பொய் அலாரம் என்று எடுத்துக்கொண்டது சரியாகவே இருந்திருக்கிறது. ஒரே ஒரு நாள்தான் தவறியது.

ரசாயன ஆலைகளும் மின்நிலையங்களும் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருந்தன. பிரிட்டனில் 1999-ல் வெளிவந்த இஇஎம்யுஏ 191 என்ற வழிகாட்டி, கட்டுப்பாட்டுத் திரையின் முன் இருக்கும் ஒரு ஊழியருக்கு இயல்பான நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒன்றுக்கு மேல் அலாரம் வரக் கூடாது என்ற அளவைப் பரிந்துரைத்தது. அந்த அறிவு ரயில் துறைக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. பொய் அலாரம் ஒவ்வொன்றும் ஒரு பழுது, அதற்குப் பராமரிப்புச் சீட்டு எழுத வேண்டும் என்ற வழக்கம் இருந்திருந்தால், அந்தப் பிப்ரவரி காலையில் எழுந்த ஒலிக்கு மதிப்பு இருந்திருக்கும்.

தீ அணைந்த பிறகு

ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீட்புப் பணியாளர்கள் வந்தார்கள். தீ அணையவே பிற்பகல் ஒன்றரை மணிக்கு மேல் ஆனது, நச்சுப்புகை தணிந்து உள்ளே போக மேலும் மணிக்கணக்கில் ஆனது. உடல்களை அடையாளம் காண்பது நீண்ட வேதனையாக இழுத்தது.

இதற்கு நடுவே இன்னொரு கேடு நடந்தது. நிலையத்தை மறுநாளே கழுவிச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அள்ளிக்கொண்டு போன குப்பையில், பணிமனையில், பிறகு இறந்தவர்களின் உடற்பகுதிகளும் உடைமைகளும் கிடைத்தன. கட்டுப்பாட்டு அறைக்கும் ஓட்டுநருக்கும் நடந்த உரையாடலின் எழுத்துப் பிரதி காவல்துறைக்குப் போனபோது அதில் சில பகுதிகள் விடுபட்டிருந்தன, பின்னரே முழு விவரம் வெளிவந்தது. உறவினர்கள் இதை மன்னிக்கவில்லை, மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

2003 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தீ வைத்தவருக்கு ஆயுள் தண்டனை, அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். இரண்டாவது ரயிலின் ஓட்டுநருக்கு ஐந்தாண்டு, முதல் ரயிலின் ஓட்டுநருக்கு நான்காண்டு சிறை. கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் மீதும் வழக்கு நடந்தது. தடம் முழுவதும் மீண்டும் ஓடத் தொடங்கியது அந்த ஆண்டு அக்டோபரில். ஜுங்காங்னோ நிலையம் திறக்க ஆண்டு முடிவாகிவிட்டது.

கொரியாவில் மாறியவை

முதலில் மாறியது ரயில் பெட்டி. நாடு முழுவதும் மெட்ரோ பெட்டிகளின் இருக்கை, தரை, சுவர்ப்பலகை எல்லாம் எளிதில் எரியாத பொருளுக்கு மாற்றப்பட்டன. நிலையங்களில் இருளில் ஒளிரும் வழிகாட்டிப் பட்டை, கைவிளக்கு, புகை முகமூடி வைக்கப்பட்டன. கதவின் கைவிசைக்கு எல்லோர் கண்ணிலும் படும்படி குறிப்பு ஒட்டினார்கள். 2004 ஜூனில் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி தேசிய அமைப்பு பிறந்தது, ரயில் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

இவற்றின் பலன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 2005 ஜனவரி 3 அன்று சியோலின் 7-ஆம் தடத்தில் ஒருவர் ரயிலுக்குத் தீ வைத்தார். பயணிகள் இறங்கிய பிறகும் தீ முழுதாக அணையாத ரயில் மேலும் சில நிலையங்கள் ஓடியது. உயிரிழப்பு இல்லை, ஆனால் தகவல் ஓட்டத்தின் பழைய நோய் அப்படியே இருந்தது அதில் தெரிந்தது. 2014 மே மாதம் 3-ஆம் தடத்தின் டோகோக் நிலையத்தில் எரிதிரவத்தோடு ஒரு முதியவர் தீ வைத்தபோது, தற்செயலாக அதே ரயிலில் இருந்த மெட்ரோ ஊழியர் ஒருவர் அணைப்பானை எடுத்து அணைத்தார். 2025 மே 31 காலை 5-ஆம் தடத்தில் ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயிலில் இன்னொருவர் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தார். சுமார் 400 பயணிகள் இருந்தார்கள். தீ ரயில் முழுவதும் பரவவில்லை, பயணிகளே கைவிசையைத் திருப்பிக் கதவைத் திறந்து சுரங்கத்தில் நடந்து வெளியேறினார்கள். யாரும் இறக்கவில்லை. தேகுவில் நடந்த அதே செயல், வேறு முடிவு.

இன்று அதே நிலையத்தை அமைத்தால்

எரியாத பெட்டி வந்துவிட்டதால் கட்டுப்பாட்டு அமைப்பின் பொறுப்பு குறைந்துவிட்டது என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீ ரயிலிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. கேபிள், கடை, நகரும் படிக்கட்டு எதிலிருந்தும் வரலாம்.

முதல் மாற்றம் தீ அலாரத்துக்கும் ரயில் ஓட்டத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். ஒரு நிலையத்தில் தீ உணரி ஒலித்ததும், இரு பக்கமும் அந்த நிலையத்தை நோக்கி வரும் ரயில்களை முந்தைய நிலையத்திலேயே பிடித்துவைக்கும் உத்தரவு தானாகத் தயாராகி ஓட்டப் பிரிவின் திரையில் நிற்க வேண்டும். மனிதர் அதை நீக்கலாம், ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தால் ரயில் நின்றே இருக்க வேண்டும். தேகுவில் இதற்கு நேர்மாறு: ஒன்றும் செய்யாமல் இருந்தால் ரயில் வந்துகொண்டே இருந்தது. பொய் அலாரத்தால் ரயில்கள் தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும். அந்தத் தாமதம்தான் உணரிகளைச் சுத்தமாக வைத்திருக்க நிர்வாகத்தை நெருக்கும். ஏற்கெனவே இரு நிலையங்களுக்கு நடுவே சுரங்கத்தில் இருக்கும் ரயிலுக்கு மட்டும் இந்த விதி அப்படியே பொருந்தாது. அதை நிற்கவைப்பதா, நிலையத்தை நிற்காமல் கடக்கவைப்பதா என்பதைப் புகை எந்தப் பக்கம் போகிறது என்பதோடு சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அலாரம் வந்த இடத்தின் கேமராப் படம் தேடாமலே முன்னே வர வேண்டும். அன்று சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பார்வை போதுமாயிருந்தது. விசிறிகளைத் தனித்தனிப் பொத்தானாக இல்லாமல், தீயின் இடமும் ரயிலின் இடமும் தெரிந்தவுடன் பொருத்தமான கூட்டு இயக்கத்தை அமைப்பே முன்வைக்க வேண்டும். ஷட்டர் இறங்கும் வரிசையை வெளியேறும் வழியோடு ஒட்டிப் பார்க்க வேண்டும், இது கட்டடக் கலைஞரும் கட்டுப்பாட்டுப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஓட்டுநரின் சாவி வெளியே வந்தாலும் கதவைத் திறக்கும் மின்சாரம் தனிச் சுற்றில் உயிரோடு இருக்க வேண்டும். உரையாடல் பதிவும் நிகழ்வுப் பதிவும் ரயிலை இயக்கும் நிறுவனத்தால் திருத்த முடியாதபடி உடனுக்குடன் வெளியிடத்தில் சேமிக்கப்பட வேண்டும்.

நிலையத்திலிருந்து மக்களை வெளியேற்ற எவ்வளவு நேரம் என்பதற்கு அமெரிக்காவின் என்எஃப்பிஏ 130 தரநிலை ஒரு அளவு வைத்திருக்கிறது: நான்கு நிமிடத்தில் நடைமேடை காலியாக வேண்டும், ஆறு நிமிடத்தில் கடைசி மனிதரும் பாதுகாப்பான இடத்தை எட்ட வேண்டும். பல நகரங்கள் இதைக் கடைப்பிடித்து ஒத்திகை நடத்துகின்றன. உணரி ஒலித்ததிலிருந்து அடுத்த ரயில் பிடித்துவைக்கப்படும் வரை ஆகும் நேரத்தையும் அதே ஒத்திகைகளில் அளந்து அறிக்கையில் எழுத வேண்டும். ஒத்திகை நடக்கும் நாள் கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டித் தெரியாமல் இருக்க வேண்டும், இரவுப் பணியிலும் நடத்தப்பட வேண்டும்.